மருமகளுக்குச் சர்க்கரை

மார்ச் 3, திங்கள்

அரிசி டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். அடியில் இரண்டு வண்டு. நாளைக்கு மருமகளை ஆஸ்பத்திரியில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுப்பார்களாம். ஏழாம் மாதம் தொடங்கினால் எல்லாருக்கும் செய்வதுதானாம். "சும்மா கிடைக்கிற சர்பத், வேண்டாம்னு சொல்லாதே" என்று அனுப்பக் காத்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

கர்ப்பத்தில் மட்டும் வருகிற வகையாம். நிறையப் பேருக்கு வருமாம். நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்று டாக்டரம்மா அவளிடம் மூன்று தடவை சொன்னார். அப்படியே விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கிப் போகலாம் என்றார். ஒரு மாதம் சாப்பாட்டிலும் நடையிலும் பார்ப்பார்களாம். அடங்கவில்லையென்றால் இன்சுலின் ஊசி. தினமும். வயிற்றில்.

"வயித்துலயா? பாப்பா இருக்கிற வயித்துலயா?" என்று கேட்டாள் மருமகள். தோலுக்கு அடியில் மட்டும்தான், குழந்தையைத் தொடவே தொடாது, ஊசி தண்டனை இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. காது குத்தின அன்றைக்கு மயக்கம் போட்டு விழுந்த பெண் இவள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர் மூக்கில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவள், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கக் கொடுத்த சின்ன மெஷினுக்குத் தன் விரலில் சொட்டு ரத்தம் எடுக்கும்போது மேலே கூரையைப் பார்க்கிறாள். விரலைப் பிடித்துக் குத்துவது மகன் வேலை. அவன் கண்ணையும் மூடிக்கொள்கிறான். யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா?

சாமியிடம் சொல்லிவிட்டேன். ஊசி வேண்டாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. புரியாததைக் கோடு போட்டு வைத்து மகனிடம் கேட்டேன். அவனுக்கும் பாதி தெரியவில்லை, பட்டம் வாங்கியவன். சாரம் இதுதான்: சோற்றையும் ரொட்டியையும் அடியோடு நிறுத்தக் கூடாது, குறைக்கணும். தட்டில் பாதி காய்கறி. பருப்போ பயறோ கட்டாயம். ஒரே மூச்சில் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிட்டதும் நடை. பட்டினி கூடவே கூடாது.

தராசு வாங்கி வந்தேன். சோறு, காய், பயறு, பழம் எல்லாம் நிறுத்து எழுதுகிறேன். "மளிகைக் கணக்கு போய் மருமகள் கணக்கா?" என்கிறார் இவர். அச்சகத்தில் முப்பது வருஷம் எழுத்துப் பிழை பார்த்த மனிதர். ஓய்வு பெற்றபின் என்னைத் திருத்துவதுதான் பொழுதுபோக்கு.

மார்ச் 10, திங்கள்

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் நடை. அவள் தனியாக நடந்தால் அலுப்பு என்று மகன் சேர்ந்தான். எனக்கு முழங்கால் வலி, ஆனாலும் சேர்ந்தேன். கடைசியில் இவரும் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். எதிர் வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்து, "என்ன, குடும்பத்தோட யாரையாவது தேடுறீங்களா?" என்றாள்.

"தொலைஞ்சுபோன சோத்தைத் தேடுறோம்" என்றார் இவர்.

மார்ச் 14, வெள்ளி

மத்தியானமும் ராத்திரியும் அளவுக்குள் வந்துவிட்டது. விடியற்காலை வெறும் வயிற்றிலும் சரி. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுப்பது மட்டும் ஏறி நிற்கிறது. நூற்று இருபதுக்குள் இருக்கணுமாம். ஒருநாள்கூட இல்லை.

ரொட்டியைக் குறைத்தேன். பயறைக் கூட்டினேன்.

மார்ச் 15, சனி

ஏறித்தான் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ரொட்டியே இல்லாமல் காயும் பயறும் மட்டும் கொடுத்தேன். அப்போதும்! மருமகள் தட்டைப் பார்த்து, "ஆட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை. கடையிலிருந்து திரும்பும்போது பேக்கரிப் பக்கம் போகாமல் சுற்றி வருகிறாளாம், மகன் சொன்னான்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் டாக்டரம்மா எண்களைப் பார்ப்பார். எங்கே தப்பு? தராசு தப்பா? பாத்திரத்து எடையைக் கழிக்க மறந்தேனா? இல்லையே.

மார்ச் 22, சனி

தங்கைக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு வந்திருக்கிறேன். காலைக்கு மறுபடி ஒரு ரொட்டி சேர்த்து, என்ன கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும் எல்லாம் இவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாமி விளக்கை மட்டும் ஏற்றுங்கள், வேறெதுவும் உங்களுக்கு வராது என்றும் சொன்னேன். தங்கை ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "நீ இல்லாம அந்த வீடு ஓடுமா?" என்றாள். எப்படி ஓடும் என்று நினைத்துக்கொண்டேன். கர்வம்.

மார்ச் 24, திங்கள்

ஓடியிருக்கிறது. என்னைவிட நன்றாக ஓடியிருக்கிறது.

நேற்றும் இன்றும் காலை எண் அளவுக்குள். ரொட்டியும் சாப்பிட்டிருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் சந்தோஷமாகச் சொன்னான். எனக்குச் சந்தோஷம் வரணும்தானே? வரல. அப்ப நான் சமைச்சாத்தான் ஏறுதா? என் கைதான் ஆகலையா அந்தப் பொண்ணுக்கு?

"நான் இல்லாதப்ப என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதி வச்சதுதான் அத்தை. மாமா குனிஞ்சு குனிஞ்சு நிறுத்தாங்க."

இவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "சாமிப் பால் மட்டும் கிடையாது. தேன் எவ்வளவு, கற்கண்டு எவ்வளவுன்னு நீ எழுதல."

எழுதவில்லை. எழுதியதே இல்லை. காலைப் பூஜை முடிந்ததும் சாமிக்கு வைத்த பாலை ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். மருமகளுக்கு, வயிற்றில் பிள்ளை என்று, ஒரு கரண்டித் தேன் கூட. அதைச் சாப்பாடு என்று என் புத்தி எண்ணவே இல்லை. சாமிக்குக் கொடுத்தது சாமியுடையது; அது எப்படி என் கணக்கில் வரும்? ஒரு கேரட்டைக்கூட நிறுத்தவள் நான்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "எனக்கு ஒரு வாரமா சந்தேகம் இருந்துச்சு அத்தை."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சாமிக்கு வச்சதை எப்படி வேண்டாம்னு சொல்றது? அதோட..." நிறுத்தினாள். "நாள் முழுக்க அது ஒண்ணுதான் தித்திப்பு."

எனக்குக் கோபம் வருமென்று பயந்தாளோ என்னவோ. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அவளுக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

மருமகளுக்கு மட்டும் பாலை நிறுத்தினால் போதும் என்கிறான் மகன். எல்லாரும் குடிக்க அவள் மட்டும் வேடிக்கை பார்ப்பதா? கண் முன்னால் வைத்துக்கொண்டு ஆசையை அடக்கச் சொல்வது பக்தி இல்லை, கொடுமை.

காலையில் விளக்கேற்றிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தை மாற்றினால் உனக்குக் குறையா என்று கேட்டேன். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆகாததை நீ மட்டும் கேட்பாயா? மனசு லேசாக இருந்தது. எழுந்து போய் வேகவைத்த கடலையும் வெள்ளரித் துண்டும் வைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "சாமியும் பத்தியமா?"

"ஆமாம். நீங்களும்தான்."

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரம்மா எண்களைப் பார்த்தார். ஊசி இப்போதைக்கு வேண்டாம், விடாமல் பாருங்கள், கடைசி மாதத்தில் ஏறினாலும் ஏறலாம், அப்போது பயப்படக் கூடாது என்றார். மருமகள், "ஏறினா போட்டுக்கறேன் டாக்டர். இப்ப விரலைப் பார்த்துக்கிட்டே குத்தறேன்" என்றாள். நிஜம்தான். மகன்தான் இன்னும் கண்ணை மூடுகிறான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தையல்காரம்மாவும் நடைக்கு வருகிறாள். இவர் தளர்ந்துபோன பேன்ட் இடுப்பைப் பிடிக்க அவளிடம் கொடுத்திருக்கிறார்.

மே 27, செவ்வாய்

ஒருநாள் எண் ஏறிவிட்டது. மருமகள் தானாகவே வந்து, "மாம்பழம் அத்தை. கடையில முதலாளியம்மா கொடுத்தாங்க. ரெண்டு துண்டு. இல்ல, மூணு" என்றாள். எழுதிக்கொண்டேன். திட்டவில்லை. எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். விவரமாகச் சொன்னாள், எனக்கே வாயூறியது.

ஜூன் 4, புதன்

பெண் குழந்தை. நேற்று மாலை. அளவான எடை, அம்மாவின் மூக்கு. ஊசி இல்லாமலே வந்து சேர்ந்தோம். குழந்தைக்குக் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரி. மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள் மருமகள். "நான் பார்த்துக்கறேன், நீங்க விழுந்துடுவீங்க" என்றாளாம்.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம் இல்லை. எழுத நேரமில்லை. வீடு முழுக்கத் துணி.

ஜூலை 17, வியாழன்

பிரசவத்துக்குப் பிந்திய பரிசோதனை. மறுபடியும் அந்தச் சர்க்கரைத் தண்ணீர். சுத்தமாகச் சரியாகிவிட்டது. ஆனால் பின்னாளில் வர வாய்ப்பு அதிகம், வருஷம் ஒருதரம் பார்த்துக்கொள்ளணும், நடையை விடக் கூடாது என்றார் டாக்டரம்மா.

இன்றைக்கு ஒருநாளைக்கு என்று பழையபடி பால் காய்ச்சினேன். தேன், கற்கண்டு, முன்பு போட்ட அதே அளவு. சாமிக்கு வைத்துவிட்டு முதல் டம்ளரை மருமகளுக்கு நீட்டினேன். மடியில் குழந்தையோடு ஆசையாக வாங்கினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அத்தை. ரொம்பத் தித்திக்குது."

மீதியை நான் குடித்துப் பார்த்தேன். தொண்டையைப் பிடித்தது. நாளைக்குக் கடலை ஊறவைத்திருக்கிறேன்.