பெட்டிக்குள் உன் பிறந்த தேதி

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, கேட்டால் எரிந்து விழுவேன். நீ நலமா, இருமல் நின்றதா? போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன வாரம் அப்பா உனக்குப் பார்சல் அனுப்ப, வாங்குபவர் பிறந்த தேதி வரை கேட்கிற படிவத்தோடு உட்கார்ந்தார். வருஷா வருஷம் கேட்கிற மாதிரி, அவ பொறந்த தேதி என்ன என்று கேட்டார். பெற்ற தகப்பன் கேட்கிற கேள்வியா இது! கடுப்போடு எட்டு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறாவது இலக்கம் வந்தபோது ஐந்தாவதையே மறுபடி சொன்னேன். அதே எட்டு இலக்கத்தைக் கடைசியாக எங்கே தட்டினேன் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

என் வேலை உனக்கு அரைகுறையாகத் தெரியும். தூரத்து விண்மீன் கூட்டங்களின் ஒளி வருகிற வழியில், நடுவில் இருக்கிற பொருளின் ஈர்ப்பால் துளி வளைகிறது. ஒன்றைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அதைத்தான் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிரபஞ்சம் செய்து, ஒளியை விட்டுப் பார்க்கிறோம். முழுப் பிரபஞ்சத்தை எந்த மெஷினும் தாங்காது, அதனால் ஒரே ஒரு பெட்டி அளவுக்குச் செய்து, அதையே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவோம். அடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் வெவ்வேறு பக்கம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி அதே பொருள் குவியலை அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கடந்து, இல்லாத வளைவெல்லாம் சேர்ந்துவிடும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மெஷின் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். சோதனை பார்க்கும்போது மட்டும் குலுக்கலுக்கு ஒரு எண்ணைக் கட்டிவைப்போம், தினமும் ஒரே விடை வரட்டும் என்று. நான் உன் பிறந்த தேதியைக் கட்டிவைத்தேன். அவிழ்க்க மறந்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் குலுக்கல் மறுபடி உன் தேதியிலிருந்தே ஆரம்பித்து, எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம் பார்த்து நின்றிருக்கிறது, எட்டு மாதமாக!

அதில் வந்த அதிகப்படி வளைவைத்தான், சார்பியல் கோட்பாட்டை முழுசாகப் போட்டுக் கணக்கிட்டதால் கிடைத்த புது விளைவு என்று மார்தட்டிக் கட்டுரை அனுப்பியிருக்கிறோம். கூட வேலை பார்க்கிற பெருமூச்சுக்காரரை உனக்குத் தெரியுமே, லிஃப்ட் தாமதமானாலும் பெருமூச்சு, காபி ஆறினாலும் பெருமூச்சு. அவருடைய வேலை நீட்டிப்பு இந்தக் கட்டுரையில்தான் தொங்குகிறது. விடை வந்த அன்றைக்கே அவர் கேட்டார், இவ்ளோ பெருசா வருதே மேடம், எங்கயாவது இடிக்குதான்னு ஒருவாட்டி பாத்துடலாமா என்று. எனக்குத் தெரியாதா என்று வாயை அடைத்துவிட்டேன். என் திமிரைச் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். கண்டுபுடிச்சது நீதானே, அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டுப் பார்சலுக்கு டேப் ஒட்டினார். அந்த டேப்பை அவர் வாயில் ஒட்டலாம் போலிருந்தது.

நான்கு நாளாக ஆபீஸ் போகிறேன், பெருமூச்சுக்காரர் முகத்தைப் பார்க்கிறேன், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறேன். பத்தாவதில் நீ கணக்குத் தாளை ஷூ பெட்டிக்குள் ஒளித்து வைத்தாய் இல்லையா? மார்க் போனது பரவால்ல, மறைச்ச பாரு, அதுதான் தப்பு என்று கத்திவிட்டு ரெண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இப்போது கண்ணிலேயே நிற்கிறது. பேசாமல் இருந்திருக்கக் கூடாதடி. மன்னித்துக்கொள்.

இதை ஒட்டியதும் அவருக்குப் போன் செய்யப் போகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பார்சல் வந்ததும் ஒரு வார்த்தை சொல். எங்கிருந்தாலும் நீ குறையில்லாமல் நிம்மதியாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

உன் பிறந்த தேதியை மறக்கத் தெரியாத,
அம்மா

பி.கு.: உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். போன் செய்து சொல்லிவிட்டேன். புரோகிராம்ல எந்த வரி மேடம் என்று மட்டும் கேட்டார். பெருமூச்சே விடவில்லை, வாலு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.