நாலாங்கட்டைத் தவறணைக்கு ஓர் ஆட்சேபம்

1954 பெப்ரவரி 9

எதையும் வாசிக்காமல் விடமுடியாத வியாதி எனக்கு. சீனி சுற்றி வந்த தாளையும் நீவி விரித்து, முன்பின் தெரியாத யாருடைய மரண அறிவித்தலையோ படித்து முடித்துத்தான் அடுப்பில் போடுவேன். இன்று அந்த வியாதி வினையாகிவிட்டது. நாலாங்கட்டை முச்சந்தியில் பூட்டிக் கிடக்கும் கடைக் கதவில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ். அங்கே சாராயத் தவறணை வைக்க யாரோ லைசென்ஸ் கேட்டிருக்கிறார். இப்பகுதியில் வசிப்பவர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் மாத முடிவுக்குள் எழுதி அனுப்பலாமாம்.

என்னோடு நின்று அதைப் பார்த்தது ஓர் ஆடு மட்டும். அது தாளின் அடிப்பகுதியைத் தின்னத் தொடங்கியதால் விலாசத்தை அவசரமாக மனனம் செய்தேன்.

பெப்ரவரி 10

தூக்கம் வரவில்லை. சம்பளம் வாங்கிய தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுதும் அந்தக் கதவைத் தாண்டித்தான் கடைக்குப் போகவேண்டும். அப்பாவும்.

அப்பா குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. கோயிலில் பாதர் முன்னால் செய்த சத்தியம்தான் காரணம் என்று அம்மா நம்புகிறாள். சத்தியம் பாதி, பக்கத்துத் தவறணையை மண்சரிவு கொண்டுபோனது பாதி. இது என் கணக்கு. அம்மாவிடம் சொன்னதில்லை. குடித்த நாட்களில் அப்பா யாரையும் அடித்ததில்லை. பாடுவார், பிறகு அழுவார், பிறகு சம்பளம் எங்கே என்று எங்களிடமே கேட்பார். மறுநாள் காலை அதே மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவார். கணக்கப்பிள்ளை ஐயா! பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும்.

அந்தச் சிரிப்பு இன்னொருமுறை வேண்டாம்.

பெப்ரவரி 12

ஆட்சேபம் எழுதினேன். முதல் பக்கம் மனித நாகரிகம். இரண்டாம் பக்கம் ரோமாபுரியின் வீழ்ச்சி. நாலாங்கட்டை மூன்றாம் பக்கத்தில்தான் வந்து சேர்ந்தது, அதுவும் களைத்துப்போய். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரோமாபுரியை மட்டும் ஒரு வரியில் வைத்துக்கொண்டேன். விட மனமில்லை.

பெப்ரவரி 15

பள்ளிக்கூடத்து விறாந்தையில் மேசை போட்டு, கையெழுத்து வாங்க உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டிய அறிவித்தலில் "மதுவரக்கனை மாய்க்க வாரீர்" என்று எழுதியிருந்தேன். ஒருவரும் வாரார். என்னோடு படிப்பிக்கும் பூரணி மட்டும் இரக்கப்பட்டு ஒரு கையெழுத்துப் போட்டாள். "சனத்துக்குப் புரியிற மாதிரி எழுதேன்டி," என்றாள். கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

பெப்ரவரி 17

என்ன கூட்டம்! மலையிலிருந்து இறங்கிய பெண்கள் முகம் கழுவி, தலை வாரி, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ராக்காயி புருசனையும் இழுத்து வந்து அவனுக்கும் பவுடர் பூசியிருந்தாள். கட்டைவிரல் வைக்க அப்படி ஒரு பணிவு, ஒரு நடுக்கம். எழுத்துக்கு இவ்வளவு சக்தி உண்டா? உண்டுதான் போலும். அறிவித்தலை நானே இன்னொருதரம் போய் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 18

தொலைந்தேன்.

காளியாயி அக்கா காலையிலேயே வந்து கேட்டாள்: "டீச்சரம்மா, போட்டோ எப்ப புடிப்பாங்க?"

எதற்குப் போட்டோ?

"என்னங்க இது, பிரஜாவுரிமைக்கு ரேக வாங்கிட்டு எதுக்குன்னு கேக்குறீங்க?"

தாளில் 'இப்பகுதியில் வசிப்பவர்களாகிய நாங்கள்' என்ற முதல் வரியைப் பூரணி யாருக்கோ வாசித்துக் காட்டியிருக்கிறாள். நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு டீச்சரம்மா கவர்மெண்டுக்கு எழுதுறாங்க என்று லயம் லயமாக, வீடு வீடாகச் செய்தி போயிருக்கிறது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் சனம், வேறென்ன நினைக்கும்? நானோ என் மதுவரக்கனும் ரோமாபுரியும் இழுத்துவந்த கூட்டம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ராக்காயி புருசன், "அப்ப என் ரேகய திருப்பிக் குடுங்க, எனக்குத் தவறண வேணும்," என்றான். ராக்காயி அவன் வாயில் ஒன்று வைத்தாள். காளியாயி அக்கா தாளை வாங்கித் தன் ரேகையைத் தேடிப் பார்த்தாள். பிறகு, "இங்க இருக்கோம்னு தான எழுதியிருக்கு? அது பொய் இல்லையே. இருக்கட்டும்," என்றாள். சிலர் மனத்தாங்கலோடு போனார்கள். அவர்கள் பெயர்களை வெட்டினேன்.

பெப்ரவரி 24

நாளை தபாலில் போகிறது. அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுதும் வாசித்தார். "நான் போட்டா சனம் சிரிக்கும் றோசு," என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ஏன் நீட்டினேன்? புத்தி எங்கே போயிற்று எனக்கு?

மார்ச் 22

விசாரணை ஹட்டனில். ஆட்சேபித்தவர்கள் நேரில் வரவேண்டுமாம். இந்த டயரிக் கொப்பியைக் கூட அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற நான், சபையில் எழுந்து பேசவேண்டும்! கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிக்கே என் குரல் கேட்டிருக்காது.

ஏப்ரல் 6

தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டு, காளியாயி அக்காவோடு பெண்கள் சிலர் வந்தார்கள். அப்பா துணைக்கு வந்து பின்சுவரோரம் நின்றார்.

தவறணைக்காரருக்காக வாதாட வந்த புரக்டர் எடுத்த எடுப்பிலேயே, "வசிப்பவர்கள்தான் ஆட்சேபிக்கலாம். இவர்கள் இந்த நாட்டில் நிலையாக வசிக்கிறார்களா என்பதே இன்னும் வேறொரு காரியாலயத்தில் விசாரணையில் இருக்கிறது," என்றார். துபாசி அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், பெண்கள் மடியை அவிழ்த்தார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அம்மை குத்திய சீட்டு, புருசன் செத்த சான்றிதழ், பாசிநிறத்தில் ஏதோ ஒரு துண்டு, எல்லாம் அதிகாரியின் மேசையில். விசாரணை என்றால் இதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"ஐயா," என்றாள் காளியாயி அக்கா, "நான் இங்க இல்லேன்னா இத்தன வருசமா கொழுந்து எடுத்தது பேயிங்களா? எம்புள்ளைங்க என்ன வானத்துலயா பொறந்துச்சு?"

அதிகாரி சிரித்துவிட்டார். இந்த விசாரணைக்கு இவர்கள் வசிப்பவர்களே என்று குறித்துக்கொண்டார்.

"மத்த விசாரணைக்குங்க?"

அது தன் கையில் இல்லை என்றார்.

"அப்ப சாராயக்கடைக்கு மட்டும் நாங்க ஊர்க்காரங்க," என்று சான்றிதழ்களைப் பொறுக்கி மடியில் கட்டினாள்.

பிறகு புரக்டர் என் பக்கம் திரும்பினார். ரோமாபுரி வரியைச் சபைக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அது என்னுடையதாக இல்லாவிட்டால். "குடியால் உங்களுக்கு நேரடியாக ஏதாவது பாதிப்பு உண்டா மிஸ், அல்லது எல்லாம் புத்தகத்தில் படித்ததுதானா?"

வாயைத் திறந்தேன். இல்லை என்றால் பொய். ஆம் என்றால் அப்பா பின்னால் நிற்கிறார்.

"புத்தகத்துல படிக்கலிங்க." பின்சுவரிலிருந்து அப்பாவின் குரல். கோட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். "என்னயப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா. நான் குடிச்சவன். அந்தக் கட தொறந்தா மறுபடி குடிப்பேன். எனக்கே என்மேல நம்பிக்க இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரட்டுக்களத்தில் அவரைப் பார்த்துச் சிரித்த ராக்காயியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். நான் காப்பாற்றப் போனவர்!

மே 8

லைசென்ஸ் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. இந்த வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் மறுபடியும் கேட்கலாமாம், நாமும் மறுபடியும் எழுதலாமாம்.

காளியாயி அக்காவுக்குக் கடிதத்தில் தன்னை 'வசிப்பவர்' என்று சொல்லும் பகுதியின் பிரதி ஒன்று வேண்டுமாம், மற்ற விசாரணைக்குக் காட்ட. அதனால் பயன் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பேசாமல் எழுதிக் கொடுத்தேன், என் மிக நல்ல கையெழுத்தில்.

மே 10

சம்பள நாள். அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். கிட்டே போனதும் என் முகத்தில் பலமாக ஊதினார்.

மோந்து பார்க்கவில்லை என்று இங்கே எழுத ஆசைதான். மோந்தேன். வெற்றிலை வாசம் மட்டும்.

"சரியா?" என்றார்.

"சரிப்பா."

"அடுத்த மாசமும் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.