கல்லின் சத்தத்துக்கு மேலே

நீ இனி எதையும் படிக்க மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நேரில் பேசும்போதும் பாதியை விழுங்கியவள்தானே நான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் போயிருந்தேன். நம் வரிசை வீடுகளை இடித்துக் கட்டப்போகிறார்களாம். உன் அம்மா ஆனேக்கல்லில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். உன் அப்பா குழாயடியில் போட்ட துணிக்கல் மட்டும் அப்படியே கிடந்தது. அதில் நீல சோப்பு வாசனை. நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

வாரம் முழுக்க கார்மெண்ட்ஸில் தைத்துவிட்டு ஞாயிறு காலையில் நீ அங்கே வருவாய். நீ அடிக்கும்போது நான் அலசுவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே யாராவது பெயர் கேட்டாலே பாதிதான் வெளியே வரும். தமிழ் வகுப்பில் ஆளுக்கொரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று உன்னிடம் அழுதேன்.

“விட்டுட்டு? எங்கூட கார்மெண்ட்ஸ் வர்றியா? சூப்பர்வைசர் போடுற கத்தலுக்கு முதல் நாளே மயக்கம் போட்டுருவே. என்ன வார்த்தைடி?”

“துவைக்கிறது.”

“வேற கிடைக்கலியா உனக்கு? சரி, சொல்லு.”

நூலகத்து அகராதியில் பார்த்ததை முணுமுணுத்தேன். நீ துணியை ஓங்கி அடித்தாய். “கேக்கல.” மறுபடி சொன்னேன். மறுபடி அடித்தாய். “சும்னே கொசு மாதிரி பேசாத, காலேஜு. கல்லு சத்தத்துக்கு மேல கேக்கணும்.” சும்மா என்பதை நீ கன்னடத்தில் சும்னே என்றுதான் சொல்வாய்.

கத்தினேன். துவைத்தல் என்றால் ஒலித்தல். பழைய பாட்டுகளில் முரசுகூடத் துவைக்கும். அடிப்பதும் இடிப்பதும் மிதிப்பதும் துவைத்தல்தான். இடித்து அரைப்பதால் துவையல். இதில் எங்கேயும் சோப்பும் இல்லை, சுத்தமும் இல்லை.

“கன்னடத்துல துவைக்கிறத ஒகெயோதுன்றாங்களே, அது வீசுறதுதானே?” என்றாய்.

“ஆமா, அதுவும் கல்லுல வீசி அடிக்கிறதுதான்.”

“நாம அடிக்கிறோம், அவங்க வீசுறாங்க. துணி பாவம்டி!”

நாம் சிரித்த சிரிப்பில், குடத்தோடு காத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, “துணி துவைக்க வந்தீங்களா, டிராமா போட வந்தீங்களா?” என்று திட்டினார்.

வகுப்பில் எழுந்தபோது என் முதல் வரி எனக்கே கேட்கவில்லை. கை தானாக மேசையை ஓங்கி அடித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசத்தான் எனக்குப் பழக்கம். பேசி முடித்துவிட்டேன்.

இன்று நானே வகுப்பெடுக்கிறேன். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. அது துணியை அடிப்பதில்லை, சுற்றுகிறது; அதையும் துவைப்பதென்றே சொல்கிறோம். கடைசி வரிசையில் ஒரு பெண் குரல் எழாமல் நின்றால் மேசையில் தட்டி, “இதுக்கு மேல கேக்கணும்” என்கிறேன். போன ஆடியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ‘மேல கேக்கணும்’ என்ற அந்த வார்த்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இவ்வளவும் ஒன்று கேட்பதற்காகத்தான். கல்லை எங்கே தூக்கிப்போவது என்கிறார் உன் அம்மா. விட்டுவைத்தால் வீட்டோடு சேர்த்து உடைத்துவிடுவார்கள். எங்கள் மாடியில் இடம் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?

கேட்கவில்லையென்றால் சொல். இன்னும் சத்தமாகக் கேட்கிறேன்.