திரையோரத்தில் நிற்பவள்

கோயம்புத்தூர்
14.9.2025

அன்புள்ள சுதர்ஷனுக்கு,

நான் நலம். அங்கே மழைக்கு நீங்கள் படம் வரைகிற கிடங்கின் கூரை ஒழுகாமல் இருந்தால் நீங்களும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே சண்டையில் முடிகிறது என்றுதான் இந்தக் கடித ஏற்பாட்டுக்கு வந்தோம். எனக்கு இது பிடித்திருக்கிறது. எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது.

வங்கி வேலை பழகிவிட்டது. பதவி உயர்வு என்று சொல்லி இங்கே தள்ளிவிட்டார்கள். இப்போது, விருப்பமுள்ளவர்கள் வருஷக் கடைசியில் மாற்றல் கேட்கலாம் என்கிறார்கள். கொச்சிக்கே திரும்பி வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்களிடமிருந்து இதுவரை 'வா' என்று ஒரு வார்த்தை வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கிறேன்.

இன்னொரு சமாசாரம். உங்கள் தங்கை சுபாஷிணி போன் பண்ணினாள். மழை, மீன் விலை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "மன்னி, அண்ணா படம் வரையற எடத்துக்கு ஒரு பொண்ணு தெனமும் வரா. நீங்க ஒண்ணும் விசாரிக்கலையா?" என்றாள். நான் பெரிய மனுஷி மாதிரி, "ஆள் முன்னால் நிற்காமல் உன் அண்ணாவால் வரைய முடியாது, தெரியாதா?" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

யார் அந்தப் பெண்?

அன்புடன்,
அனந்தலக்ஷ்மி

&nbsp;

மட்டாஞ்சேரி
23.9.2025

என் அனந்தத்துக்கு,

சுகம்தானே? உன் கூட்டெழுத்தை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சாயா ஆறிவிட்டது. மலையாளம் படித்து வளர்ந்தவனுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் நீ கற்றுக்கொடுத்த தமிழ் இவ்வளவுதான். இனிமேல் கொஞ்சம் குண்டாக எழுது.

சுபாஷிணிக்கு வேறு ஜோலி இல்லை. வருகிற பெண் பெயர் இசக்கிசெல்வி. தென்காசிப் பக்கம். எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். காலேஜில் நாடகம் போட்டவள் என்பதால் கூப்பிட்டேன்.

டிசம்பரில் ஜூ டவுனில் வேறொரு பழைய மிளகுக் கிடங்கில் என் கண்காட்சி. எல்லாமே நாடக மேடைப் படங்கள், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒன்று. ராஜா வேஷக்காரன் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு மேக்கப் அறையில் அழுகிறான். பயத்துக்கு, படுதாவுக்குக் கீழே தெரிகிற இரண்டு கால்கள் மட்டும். கோபத்துக்குப் பாதி சாயம் துடைத்த முகம். வேஷம் கட்டினவன்தான் தன்னை மறைத்துக்கொள்ள மறந்துபோகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொறாமைதான் வரமாட்டேன் என்கிறது. மேடையில் ஒருத்திக்குக் கைதட்டு விழுகிறது. திரையோரத்தில் நின்று இன்னொருத்தி பார்க்கிறாள். படம் அவ்வளவுதான். என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஏதாவது வசனத்தைக் கொடுத்து, அவள் சொல்லச் சொல்ல வரைகிறேன். எந்த வசனம் கொடுத்தாலும் செல்வியின் முகம் பல்வலிக்காரி முகம் ஆகிவிடுகிறது. நீ இருந்தால் நிமிஷத்தில் வந்திருக்கும்.

உன்,
சுதர்ஷன்

&nbsp;

கோயம்புத்தூர்
2.10.2025

அன்புள்ள சுதர்ஷனுக்கு,

பொறாமைப்பட நான் இருந்தால் நிமிஷத்தில் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மெச்சுகிறீர்களா, குத்துகிறீர்களா? எதுவானாலும் சரி, எனக்கு வந்துவிட்டது. இங்கே இருந்தபடியே வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது வாசியுங்கள். இது உங்களுக்கு மட்டும். குண்டாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கோபம் வந்தால் கை ஓடுகிறது. மெதுவாக வாசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் முன்னால் நின்று கால் மரத்துப்போனவள் நான். ராணியா, கூனியா, மீன்காரியா, எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். இப்போது அங்கே ஒருத்தி நிற்கிறாள். அவள் எந்த ஜன்னல் பக்கம் நிற்கிறாள்? அவளுக்குச் சாயா யார் போடுகிறார்கள்? எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு எவ்வளவு என்று தெரியுமோ?

முகம் சரியாக விழாவிட்டால் என் நாடியில் ஒற்றை விரலை வைத்து மோவாயை வெளிச்சத்துப் பக்கம் திருப்புவீர்களே, அவளுக்கும் அதே விரல்தானா? கையைத் துடைத்துவிட்டுத் தொடுகிறீர்களா, இல்லை எனக்கு அப்பின மாதிரி அவளுக்கும் நீலத்தை அப்பிவிட்டு இரண்டு பேரும் சிரிக்கிறீர்களா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, இங்கே குளிக்கும்போது நாடியில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கிறேன்.

அவள் லட்சணமாக இருக்கக் கூடாது என்று கோனியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில், லட்சணமில்லாத முகத்தைத்தான் இவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்ப்பார் என்று ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். பூக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எனக்கு எரிகிறது, சுதர்ஷன். இதைப் படித்ததும் நீங்கள் ஒரு ரயில் ஏறி வந்தால் நன்றாக இருக்கும்.

அனந்தலக்ஷ்மி

&nbsp;

மட்டாஞ்சேரி
20.10.2025

அனந்தம்,

வந்துவிட்டது! பொறாமை வந்துவிட்டது! இத்தனை நாள் இழுத்தடித்த முகம் ஒரே சாயங்காலத்தில் கைக்கு வந்தது. இந்தக் கண்காட்சியிலேயே அதுதான் படம். எப்படி வந்தது என்பதை நேரில் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்கு வரிக்கு வரி பதில் எழுத என் தமிழ் போதாது. நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. குருவாயூரப்பன் சத்தியம். வேலை நடுவில் விட்டுவிட்டு வர முடியவில்லை, கோபிக்காதே.

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் திறப்பு. நீ கட்டாயம் வர வேண்டும். மாற்றலுக்கும் எழுதிப்போடு. நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இதோ எழுதுகிறேன்: வா.

உன்,
சுதர்ஷன்

&nbsp;

கோயம்புத்தூர்
15.12.2025

அன்புள்ள இசக்கிசெல்விக்கு,

உறையின்மேல் சுதர்ஷன் பெயர்தான் இருக்கும். உள்ளே கூட்டெழுத்தைப் பார்த்ததும் வழக்கம்போல உன்னிடம் நீட்டியிருப்பார். என் கடிதங்களை வாசித்தவள் நீதான் என்று இப்போது தெரிந்துவிட்டதால், உனக்கே எழுதுகிறேன்.

திறப்பு அன்று நான் எவ்வளவு ஆசையாக வந்தேன் என்று உனக்குத் தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மாற்றலுக்கும் எழுதிப்போட்டுவிட்டுத்தான் வந்தேன். கூட்டமெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்றது. "எந்தொரு நோட்டம்!" என்று யாரோ மலையாளத்தில் அந்தப் பார்வையை மெச்சினார்கள். சுதர்ஷன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அசல் உன் முகம். திரையை முறுக்கிப் பிடித்த கை. நாடி மட்டும், யாரோ அடியில் விரல் கொடுத்துத் தூக்கின மாதிரி நிமிர்ந்திருந்தது.

அப்போதுதான் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். "யக்கா, நீங்கதானா! உங்க எழுத்து எனக்கு மனப்பாடம்லா. சாருக்கு இந்தக் கூட்டெழுத்து வாசிக்க வராதுல்லா, நாந்தான் வாசிச்சுச் சொல்லுவேன். என்னப் பத்தி எழுதுனத நானே வாசிக்கப்ப மொதல்ல சிரிப்பாணியா வந்துச்சு. பொறவு நெஞ்சு அடச்சுப்போச்சு. சார் டக்குன்னு கரித்துண்ட எடுத்துட்டாக. நிறுத்தாத, அந்த நாடி வரியத் திருப்பி வாசி, திருப்பி வாசின்னு சொல்லிட்டே வரைஞ்சாக. ஒங்களாலதான் படமே வந்துச்சு" என்றாய்.

நீ வெள்ளை மனசோடு சொன்னாய். உன்மேல் கோபம் இல்லை. பொறாமை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் உன்னைத் தப்பாகப் பார்க்கவில்லை, அதையும் நம்புகிறேன். ஆனால் நான் எரிகிறது என்று எழுதியதைக் காதால் கேட்டுக்கொண்டே அவர் உன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். அந்தச் சாயங்காலம் முழுவதும் என் பேச்சு உன் வாயிலிருந்து வந்தது, அவருக்கு அது இன்பமாக இருந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரை ஓரமாக அழைத்துக் கேட்டேன். தனியாக வாசிக்கச் சொல்லித்தானே எழுதினேன் என்றேன். "அனந்தம், நீ நேர்ல நின்னாக்கூட இத்தற நன்னா வந்திருக்காது. என்னமா எழுதியிருக்கே!" என்றார். சந்தோஷம் தாங்காமல் சொன்னார். அவர் முகத்தில் ஒரு குற்றவுணர்ச்சி தெரிகிறதா என்று தேடினேன், இல்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

இதற்குக் கீழே எழுதுவதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூரிலேயே இருந்துகொள்கிறேன். அவருக்கு இனிமேல் நான் எழுதமாட்டேன், அவரும் எழுத வேண்டாம்.

வாசித்தாயிற்றா? திருப்பி வாசிக்கச் சொன்னால் வாசிக்காதே, செல்வி. நான் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன்.

அனந்தலக்ஷ்மி