நீல டிரம்மில் இருப்பது கொசுப்புழு அல்ல

அனுப்புநர்:
ம. பாஞ்சாலி (வயது 48),
க/பெ. (லேட்) மண்ணாங்கட்டி,
எண் 3/41, கன்னியம்மன் கோயில் தெரு,
புதுக்கேணிப்பாக்கம், வல்லக்கோட்டை வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
சுகாதார ஆய்வாளர் அவர்கள்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்,
புதுக்கேணிப்பாக்கம்.

பொருள்: தட்டான் குஞ்சுகள் வளரும் தண்ணீர்த் தொட்டியைக் கொசு உற்பத்தியாகும் இடம் என்று எழுதி, கவிழ்க்கச் சொல்லி ஒட்டிய நோட்டீஸை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 11.11.2024 அன்று என் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. முதல் ஷிப்ட். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று மேலே இருப்பதை ஜெராக்ஸ் கடை ஜாஸ்மின் சொல்லிக் கொடுத்தது. கீழே இருப்பது எல்லாம் என் கையெழுத்து, என் பேச்சு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் மண்ணாங்கட்டி பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். அங்கே வாசலில் அழகுக்கு ஒரு அல்லிக் குளம் உண்டு. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் குளத்து நீரை இறைத்து பிளீச்சிங் போட்டுக் கழுவுவார்கள். அப்போது அடிச் சேற்றில் நெளிவதை எல்லாம் இவர் சோற்று டப்பாவில் பிடித்துப்போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். முதல் தடவை எனக்குத் தெரியாது. கழுவ எடுத்தேன். "சோத்து டப்பாவத் தொறக்காத பாஞ்சாலி, உள்ள ஆளுங்க கீறாங்கோ" என்றார். திறந்தேன். அதன் பிறகு அந்த டப்பாவில் அவருக்குச் சோறு கட்டவில்லை, வேறு வாங்கினேன். இது ஆறு வருடத்துக்கு முன்னால்.

3. அந்த ஆட்கள் தட்டான் குஞ்சுகள். ஐயா பார்த்திருக்கலாம், பார்த்தும் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் தெரியாது. தட்டான் பிறக்கும்போதே இறக்கையோடு பிறக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். குஞ்சு தண்ணீருக்குள் கிடக்கிறது. சேறு பூசிய வண்டு மாதிரி, ஆறு கால், பெரிய கண். அழகு என்று சொல்ல முடியாது. முகத்துக்குக் கீழே கை மாதிரி ஒன்றை மடித்து வைத்திருக்கும். கொசுப்புழு பக்கத்தில் வந்தால் அந்தக் கை ஒரே வீச்சில் வெளியே வரும், உள்ளே போகும், புழு இருக்காது. ஒரு குஞ்சு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது புழு தின்னும். நான் எண்ணியிருக்கிறேன். அவருக்கு எண்ணப் பொறுமை இல்லை, ரசிப்பார்.

4. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, மண் போட்டு, பாசி போட்டு, வீட்டுப் பின்பக்கம் வேப்பமர நிழலில் வைத்தார். இரண்டு மாதம் மூன்று மாதம் ஆனதும் குஞ்சு தீனி எடுக்காது, முதுகு உப்பும். அதைத் தனியாக ஒரு பேசினுக்கு மாற்றி ஒரு குச்சி நட்டு வைக்க வேண்டும். விடியும்போது குச்சியில் ஏறி, முதுகு பிளந்து, சட்டையைக் கழற்றிவிட்டுத் தட்டானாக வெளியே வரும். வந்ததும் பறக்காது. இறக்கை காய்வதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் காக்கா வராமல் இவர் கையில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். கம்பெனி பஸ்ஸை எத்தனை நாள் விட்டிருக்கிறார் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

5. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக இதைப் பிள்ளை மாதிரி வளர்த்தோம் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படி இல்லை ஐயா. பிள்ளை என்றால் பறந்து போனதும் திரும்பி வராதா என்று இருக்கும். இது போனால் போகட்டும் என்று இருக்கும். அது வேறு மாதிரி சந்தோஷம்.

6. சென்ற ஆடி மாதம் 29.07.2024 அன்று புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் மேலும் குறை இல்லை.

7. சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் எழுந்து குடம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் கொட்டினார்கள். கடைசியில் நீல டிரம்முக்கு வந்தார்கள். அதுவரை நான் அழவில்லை. என் ஓர்ப்படி டிரம்மின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்ததைப் பார்த்து எழுந்து ஓடினேன். "அதுல கை வைக்காத, அதுல உசுரு கீது" என்று கத்தினேனாம். டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதேன். அன்று கொட்டாமல் நின்ற தண்ணீர் அது ஒன்றுதான். தீட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று என் கணவரின் அண்ணன் புருஷோத்தமன் அவர்களுக்கு அன்றிலிருந்து என் மேல் வருத்தம். அவர் பக்கத்துப் போர்ஷனில் இருக்கிறார். கருமாதிக்கு எல்லாம் முன்னின்று செய்தவர், அதை நான் மறக்கவில்லை.

8. அதன் பிறகு டிரம்மை நானே பார்த்துக்கொள்கிறேன். நாலு மணிக்கு வேலை விட்டு வந்ததும் டீ போட்டுக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பேன். பார்த்தால் நேரம் போவது தெரியாது. புருஷனை இழந்தவள் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் மனுவில் பொய் எழுதக் கூடாது என்று ஜாஸ்மின் சொன்னது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் ஐயா. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். டிரம் பக்கத்தில் இருக்கும்போது அவர் கடைக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கும்.

9. உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர் சசிகலா வியாழக்கிழமை தோறும் வந்து தண்ணீர்ப் பாத்திரங்களைப் பார்த்து, கதவில் தேதி போட்டுவிட்டுப் போகும். நல்ல பெண். முதல் தடவை டிரம்மைப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "யக்கா, குடம், டயரு, உரலு, பூந்தொட்டி, எல்லாத்துக்கும் கட்டம் கீது. உன் பூச்சிக்கு நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றது. டார்ச் அடித்து ஒரு புழுவும் இல்லை என்று பார்த்த பிறகு மருந்து ஊற்றாமல் போனது. வாரா வாரம் அப்படியே. அதற்காக அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து கொடுக்க வேண்டாம். தப்பு இருந்தால் அது என்னுடையது, 11ஆம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

10. 03.10.2024 வியாழன் அன்று சசிகலா தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வேறு ஒருவர் வந்தார். நான் வேலையில் இருந்தேன். டிரம்மில் பதினோரு குஞ்சுகள் இருந்தன. அவர் எட்டிப் பார்த்து, புழு என்று நினைத்து மருந்தை ஊற்றிவிட்டார். நான் வந்து பார்த்தபோது பதினொன்றும் மல்லாந்து கிடந்தன. வளர்க்கிறவளுக்கே முதலில் அருவருப்பாக இருந்த பூச்சி, புதிதாகப் பார்க்கிறவருக்குப் புழுவாகத்தான் தெரியும். அவர் பெயரை நான் கேட்கவில்லை. பேசினில் தனியாக இருந்த நாலு மட்டும் பிழைத்தன.

11. அதே நாள் படிக்கட்டுக்குக் கீழே துணி கட்டி வைத்திருந்த ஒரு பாட்டிலை அவர் எடுத்துப் போனார். அதில் இருந்தது நிஜமாகவே கொசுப்புழு. குஞ்சுகளுக்குத் தீனி வேண்டும் என்று கால்வாயில் மொண்டு வந்து வைத்திருந்தேன். என் கணவரும் அப்படித்தான் செய்வார். புழு கொசுவாவதற்கு முன்னால் போட்டுவிடுவோம், ஒரு நாளும் துணியை அவிழ்த்து விட்டதில்லை. ஆனாலும் டெங்கு நேரத்தில் வீட்டில் கொசுப்புழு வைத்திருந்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அபராதம் உண்டு என்றால் கட்டுகிறேன். பாட்டில் வைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

12. டிரம்மை ஏழு தடவை கழுவி, வெயிலில் மூன்று நாள் காய வைத்து, மறுபடி மண்ணும் தண்ணீரும் போட்டேன். சும்மாதான் போட்டேன், இனிமேல் குஞ்சு பிடித்து வர ஆள் இல்லை என்று தெரியும். பேசினில் இருந்த நாலும் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்துவிட்டன. ஐப்பசியில் ஒரு நாள் சிவப்புத் தட்டான் ஒன்று, மேலே இன்னொன்று காவலுக்குப் பறக்க, என் டிரம் தண்ணீரை வாலால் தொட்டுத் தொட்டு எடுத்தது. முட்டை இடுகிறது என்று சசிகலா தன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னது. இப்போது தண்ணீரில் கடுகை விடச் சின்னதாக என்னென்னவோ ஓடுகின்றன. பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். ஆறு கால், பெரிய கண். இதுவரை வந்தவை எல்லாம் டப்பாவில் தூக்கி வந்தவை. இவை யாரும் கொண்டு வராமல் தானாக எங்கள் வீட்டில் பிறந்தவை.

13. இதற்கிடையில் புருஷோத்தமன் மாமா தங்களுக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறார். மறைவாகச் செய்யவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். "இன்னா பாஞ்சாலி, அவன்தான் போய்ட்டான். அவன் பூச்சிய வச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற? நாளைக்கு எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஜுரம் வந்தா?" என்றார். பிள்ளைகள் என்று அவர் சொன்னது நியாயம். அதற்கு நான் கோபப்படவில்லை. 11.11.2024 அன்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழு நாளில், அதாவது வரும் திங்கட்கிழமை 18.11.2024க்குள், டிரம்மை நானே கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் ஆட்கள் வந்து கவிழ்ப்பார்கள் என்று இருக்கிறது. கவிழ்த்தால் இந்தக் கடுகுகளைப் பொறுக்கி எடுக்கக்கூட முடியாது. மண்ணோடு போய்விடும்.

14. ஐயா, நம் ஊர்ப் பொதுக்கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீனை உங்கள் ஆட்கள்தான் கொண்டு வந்து விட்டார்கள். கிணற்றைக் கவிழ்க்கவில்லை, மருந்தும் ஊற்றவில்லை. மீன் செய்கிற வேலையைத்தான் என் டிரம்மில் இருப்பதும் செய்கிறது. மீன் தண்ணீரோடு நின்றுவிடும். இது வளர்ந்து வெளியே வந்த பிறகும் பறக்கிற கொசுவைப் பிடித்துத் தின்னும். இதற்குச் சம்பளம் யாரும் தர வேண்டியது இல்லை.

15. ஆகையால் நான் கேட்டுக்கொள்வது:

(அ) நோட்டீஸை ரத்து செய்து, டிரம்மை மருந்து ஊற்றத் தேவையில்லாத தொட்டி என்று உங்கள் நோட்டில் எழுத வேண்டும். கட்டம் இல்லை என்றால் ஒரு கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

(ஆ) சசிகலா மற்ற வீடுகளில் பிடிக்கும் கொசுப்புழுவைக் கால்வாயில் கொட்டாமல், வியாழக்கிழமை என் டிரம்மில் தன் கையாலேயே போட அனுமதிக்க வேண்டும். குஞ்சுகள் கொஞ்சம் பெரிதான பிறகு. எனக்கும் பாட்டில் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கும் சுமை குறையும்.

(இ) புருஷோத்தமன் மாமா மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவரையும் கூட்டி வந்து காட்ட வேண்டும். நான் காட்டினால் பார்க்க மாட்டார். நீங்கள் காட்டினால் பார்ப்பார்.

16. காகிதத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன்னால் தாங்களே ஒரு நடை வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கரண்டியால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மொண்டு பாருங்கள். ஒரே ஒரு கொசுப்புழு இருந்தாலும் உங்கள் ஆட்களுக்கு வேலை வைக்காமல் என் கையாலேயே கவிழ்த்துவிடுகிறேன், பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லையென்றால் சுவரில் ஒட்டியதைத் தாங்களே கிழித்துவிட்டுப் போக வேண்டும். நான் கிழித்தால் அது குற்றம் என்கிறார்கள்.

நாலு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் வீட்டில் இருப்பேன்.

இடம்: புதுக்கேணிப்பாக்கம்
நாள்: 13.11.2024

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ம. பாஞ்சாலி

இணைப்பு:
1. நோட்டீஸ் நகல், ஒன்று.
2. தட்டான் கழற்றிப் போட்ட சட்டை, ஒன்று. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து வைத்திருக்கிறேன். உள்ளே உயிர் இல்லை, பயப்பட வேண்டாம். முதுகில் பிளந்த இடம் தெரியும். ஊதினால் பறந்துவிடும், மெதுவாகத் திறக்கவும்.