அம்மா அடக்கத்து டிவிடி

எட்வின்,

நான் ஃபேக்டரிக்குப் போகிறேன். சோறு குக்கரில், மத்திக் குழம்பு சட்டியில். மூன்று மணி ஏர்போர்ட் ஜீப்புக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு டின்சியிடம் கொடுத்துவிட்டுத் தொலை.

பழைய கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவை மாட்டினாயே, அதற்குக் கரண்டு ஒயரே கொடுக்கவில்லை. துபாயில் என்னத்தைக் கிழிக்கிறாயோ. நானே செருகி, நாலு ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டேன். அம்மா அடக்கத்துக்கு வராதவன் வீடியோவிலாவது பார்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஃபாதர் என்னிடம், "கடைசி முத்தம் கொடுக்க மகன் வரலியாம்மா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அந்த இடத்தை ஓட்டிவிடாதே.

அக்கா

டிரைவின் தட்டு திறக்காவிட்டால் அதன் முன்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊக்கை நீட்டிக் குத்து.

பார்த்து முடித்ததும் டிவிடியை நீயே எடுத்துக்கொண்டு போ. எனக்கு எதற்கு, நான் அங்கேதானே நின்றேன்.