விளக்கை அணைத்த கூட்டம்

திங்கள், 4

காலையிலேயே புழுக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனி. காது கேளாதவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், தொழிலாளர் கமிட்டியில் இதுவரை ஒருவர்கூட இருந்ததில்லை. அவர்களைச் சேர்த்துக்கொள்ள வழி சொல்லித்தருவது என் பிழைப்பு. போன மாதம் அவர்களில் ஒருத்தியான ரெஜினாவைத் தேர்ந்தெடுத்தார்கள். திருமழிசைக்காரி. இன்று அவளுக்கு முதல் கூட்டம்.

சைகையில் சொல்ல ஸ்டெல்லா. அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, பேச்சுக்கு முன்பே சைகை பழகியவள்.

மேனேஜர் ரெஜினாவுக்குப் பூங்கொத்து கொடுத்தார். போட்டோ. பிறகு புரொஜக்டர். "லைட்ட ஆஃப் பண்ணுங்கப்பா." ஸ்டெல்லாவின் கை எனக்கே தெரியவில்லை. அவள் ஏதோ சொல்ல எழுந்தாள். "கேள்வியெல்லாம் கடைசில மேடம்." இருட்டிலேயே ஏதேதோ படம், "ஆட்சேபணை இல்லல்ல? சரி." லைட் வந்தது, கூடவே பஜ்ஜி. நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

புதன், 6

துவரம்பருப்பு. அம்மா மாத்திரை. வண்டிக்குக் காற்று.

ஸ்டெல்லா போன். "அக்கா, ரெண்டாம் ஷிஃப்ட் பஸ் இனிமே ஊருக்குள்ள போவாதாம். ஹைவேலயே எறக்கி வுட்டுருவாங்களாம். இது எப்ப முடிவாச்சுன்னு ரெஜினா கேக்குறா."

அந்த இருட்டில்தான்; படத்தோடு படமாக ஓடியதை நானும் கவனிக்கவில்லை. மினிட்ஸில் 'ஏகமனதாக' என்று இருக்கிறது.

ராத்திரி ரெஜினா ஹைவேயிலிருந்து வீட்டுக்கு ஓரமாக நடக்க வேண்டும். பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்காது. பஜ்ஜி ஞாபகம் வந்தது.

பஸ் டிரைவரிடம் கேட்டேன். "நான் இன்னா மேடம் பண்றது? கமிட்டில ஓகே பண்ட்டாங்கோ. அந்தப் பொண்ணும் கமிட்டிலதான கீது?"

வெள்ளி, 8

மேனேஜரைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. "சேக்கணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. சேத்துட்டோமே." விளக்கு விஷயத்தைச் சொன்னேன். நிஜமாகவே திடுக்கிட்டார். "ஐயோ, தோணவே இல்லயே." பஸ்ஸைத் திருப்பி விடுவாரா? "கமிட்டி முடிவு மேடம். கமிட்டி மாத்துனா நானும் மாத்திடறேன்." திங்களன்று மறுபடி கூட்டம்.

பருப்பு மறந்துவிட்டது.

திங்கள், 11

தூறல். ஆவடி ரயில் தாமதம், ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ரெஜினா முன்பே வந்து, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா எதிரே. பூங்கொத்து இல்லை.

புரொஜக்டரைப் போட்டார்கள். பழக்கதோஷம், மேனேஜரே மறுபடி "லைட்ட..." என்றார். ஆபீஸ் ஆள் எழுந்து சுவர்ப்பக்கம் போனார். போனவர் நின்றுவிட்டார். சுவிட்ச் மேல் ரெஜினாவின் கை.

"லைட் எரிஞ்சா படம் தெரியாதேம்மா" என்றார் யாரோ.

ஸ்டெல்லா அதைச் சைகையில் சொன்னாள். ரெஜினா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்ற கையால் பதில். ஸ்டெல்லா உரக்கச் சொன்னாள்:

"படம் வேணாம், வாயால சொல்லுங்க. மொதல்ல பஸ்ஸு."